தங்கப்புஷ்பத்தின் இரண்டாம் பகுதி

பேசக் கூடாது. ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது, இன்றைக்கு என் வேலையே அதுதான். பதினொன்று ஏழு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் இசக்கியம்மாள், திருநெல்வேலியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள், முப்பத்துநாலு வயது. நேற்று சாயங்காலம் ரயிலேறிக் காலையில் தாம்பரத்தில் இறங்கி, தெரிந்தவர்கள் வீட்டில் குளித்துவிட்டு, ஈரம் காயாத தலையோடு தரமணியில் எங்கள் ஆபீசின் நாலாவது மாடிக்கு வந்துவிட்டாள். நான் அவளுக்குப் பின்னால், வலது பக்கம், அவள் கையும் கம்ப்யூட்டர் திரையும் ஒரே பார்வையில் விழுகிற இடத்தில். சுவரில் காமிரா. அடுத்த அறையில் ஃபெலிக்ஸ், எங்கள் மேனேஜர், இன்னும் இரண்டு பேரோடு இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னையும் சேர்த்தா பார்க்கிறார்? என் முழங்கால் ஆடுகிறது, ஆடாதே, காமிராவில் முழங்கால் தெரியாது, ஆனாலும் ஆடாதே. ஆராய்ச்சி செய்கிறவர்கள் தாங்கள் படித்த புத்தகம், கட்டுரை ஒவ்வொன்றையும், யார் எழுதியது, எந்த வருஷம், எந்தப் பத்திரிகை, எத்தனையாம் பக்கம் என்று குறித்துவைக்கிற மென்பொருள் எங்களுடையது. ஆய்வேட்டின் கடைசியில் வர வேண்டிய துணைநூற்பட்டியல் அதிலிருந்து தானாக வந்துவிடும். அதில் தேடுகிற பக்கம் மட்டும் என்னுடையது. ஒரு பெட்டி, அதற்குக் கீழே ஒரு பட்டியல், எதுவும் கிடைக்காவிட்டால் என்ன சொல்வது என்று ஒரு வரி. ஒன்பது வருஷமாக இந்தப் பெட்டியைத்தான் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று நகர்த்திக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை புதிய பதிப்பு வெளியே போகிறது, அதற்கு முன்னால் வெளியாட்கள் ஐந்து பேரை உட்காரவைத்து அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நாலு பேர் முடிந்தது. இவள் ஐந்தாவது. பார்க்கிறவர் உதவி செய்துவிட்டால் சோதனை கெட்டுவிடும், அதனால்தான் பேசக் கூடாது. எனக்கு அனுமதி இரண்டே இரண்டுதான், “ம்” என்று சொல்லலாம், “இப்ப என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்கலாம். இந்த விதியை எழுதியதும் நான்தான்.

“மனசுல என்ன ஓடுதோ அத அப்படியே சத்தமா சொல்லிக்கிட்டே தேடுங்க” என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். “பைத்தியக்காரி மாதிரியா மேடம்?” என்று சிரித்தாள். “ஆமா, கிட்டத்தட்ட அப்படித்தான்.” அவள் மனதில் ஓடுவது வெளியே கேட்கிறது, என் மனதில் ஓடுவது எனக்குள்ளேயே முட்டிக்கொண்டு கிடக்கிறது, ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கிறது, காலையில் குடித்த காபி தொண்டையில் புளிக்கிறது, மகள் வேனில் ஏறும்போது என்னவோ சொன்னாளே, ஏதோ கையெழுத்து, நான் ம் என்றேன், எதற்கு ம் என்றேன்? முதல் நாலு வேலைகளை இசக்கியம்மாள் சிரமமில்லாமல் செய்துவிட்டாள். “இந்த வருஷத்துக்கு அப்புறம் வந்தது மட்டும் வேணும்... இங்க இருக்கு, ம், சரி. நல்லாருக்கு மேடம், பழசுக்கு இது தேவல.” அடுத்த அறையில் ஃபெலிக்ஸ் தலையாட்டியிருப்பார். நான் தாளில் டிக் போட்டேன். என் டிக்குகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றன, அது எனக்கே பிடிக்கவில்லை. ஐந்தாவது வேலையைத் தாளிலிருந்து வாசித்தேன். “இப்ப, உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுற ஒண்ண, உங்க சொந்தச் சேமிப்புல தேடுங்க.” அவள் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். சிரிப்பு போய்விட்டது. “அதுக்குத்தான மேடம் நான் வந்ததே” என்றாள். “சோதனைக்கு ஆள் வேணும்னு மெயில் வந்துச்சு. இவங்க ஆபீஸ்க்கே போனா கெடைக்குமோன்னு ஒரு நெனப்பு. ஊர்ல ஆறு மாசமா தேடிட்டேன்.” ஆறு மாசம். என் பேனா நின்றது. நான் கேட்கக் கூடாது. எதைத் தேடுகிறாய் என்று கேட்கக் கூடாது. “ம்” என்றேன்.

பெட்டியில் தங்கப்புஷ்பம் என்று அடித்தாள். ஒரே ஒரு விடை வந்தது. கே. எஸ். தங்கப்புஷ்பம், 1987, உப்பளத் தொழிலாளரின் கண்பார்வை, ஒரு கள ஆய்வு, பகுதி 1. “இது ஒண்ணாம் பகுதி. எனக்கு வேண்டியது ரெண்டு” என்று திரையிடம் சொன்னாள், என்னிடம் இல்லை. “டாக்டரம்மா இவங்க. உப்பளத்துல நின்னு நின்னு, அந்த வெள்ளையில வெயில் பட்டு கண்ணுல அடிச்சு அடிச்சு, எத்தன வருஷத்துல யாருக்குப் பார்வ கொறஞ்சிச்சுன்னு ஒவ்வொரு பொம்பளையா ஒக்காரவெச்சுக் கேட்டு எழுதுனவங்க. ஒண்ணாம் பகுதியில எப்பிடிக் கேட்டாங்கன்னு இருக்கும். ரெண்டாம் பகுதியிலதான் அட்டவணையே இருக்கு.” இனிஷியலை முன்னால் போட்டு அடித்தாள். பின்னால் போட்டு அடித்தாள். தங்கபுஷ்பம் என்று ப் இல்லாமல் அடித்தாள். ஆங்கில எழுத்தில், எச் வைத்து, எச் இல்லாமல். ஒவ்வொரு தடவையும் அதே ஒன்று, அதே பகுதி 1. மறுபடி மறுபடி அதே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிற மாதிரி. “எங்க கைடு சாருக்கு எழுதியே குடுத்துட்டேன், நாலாவது அத்தியாயம் முழுக்க அந்த அட்டவணை மேலதான் நிக்கி. அவரு கேக்காரு, இப்பிடி ஒரு கட்டுரை எங்கம்மா இருக்கு, ஒண்ணாம் பகுதிதான் இருக்குன்னு. நூலகத்துல அந்தப் பழைய பத்திரிகைகள எடைக்குப் போட்டுட்டாங்க மேடம். நான் அதுக்கு முன்னாலயே பக்கம் பக்கமா படம் புடிச்சு இதுக்குள்ளதான் போட்டு வெச்சேன். போன் மாத்துனப்ப அதுலயும் போயிருச்சு. இதுல இருக்கேன்னு தைரியமா இருந்தேன்.” இதுல இருக்கே. இதில். என்னுடையதில். அப்போதுதான் எனக்கு அந்தப் புள்ளி தெரிந்தது. பகுதி 1 என்கிற தலைப்புக்குப் பக்கத்தில், மிளகில் பாதிகூட இல்லாத ஒரு சாம்பல் புள்ளி. இரண்டு பதிவுகளை ஒன்றாக்கிவிட்டோம் என்பதற்கு அடையாளம். கண்ணை உறுத்தக் கூடாது என்று சாம்பலை வெளுக்கவைத்து வெளுக்கவைத்து, கடைசியில் தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் நான்தான்.

பதினொன்று இருபத்திரண்டு. இல்லை, அவசரப்படாதே, வேறு எதனோடாவது சேர்ந்திருக்கலாம், இதே முதல் பகுதியை அவளே இரண்டு தடவை போட்டிருக்கலாம், அது ஒன்றாகியிருக்கலாம், எத்தனையோ பேர் அப்படிப் போடுகிறார்கள், அதற்காகத்தானே செய்தோம். அதற்காகத்தான் செய்தோம். முன்னாலெல்லாம் ஒரே மாதிரி இரண்டு பதிவு வந்தால் மென்பொருள் நின்று கேட்கும், இவை இரண்டும் ஒன்றா என்று. ஆயிரம் பதிவு வைத்திருப்பவருக்கு நூறு தடவை கேட்கும். ஜனங்கள் எரிச்சல்பட்டார்கள், கடிதம் எழுதினார்கள், ஏன் தொணதொணவென்று கேட்கிறது என்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேள்வியை நான் எடுத்தேன். எழுதியவர் ஒன்று, வருஷம் ஒன்று, பத்திரிகை ஒன்று, தலைப்பில் கடைசியில் வருகிற எண்ணையும் புள்ளியையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் தலைப்பும் ஒன்று என்றால் கேட்காமலே ஒன்றாக்கிவிடலாம். முதலில் வந்தது நிற்கும், பின்னால் வந்தது மறையும். கடைசியில் வருகிற எண்ணை ஏன் தள்ளினேன்? பக்க எண் சில சமயம் தலைப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அதனால். அப்போது நூருல் ஹுதா எங்களோடு இருந்தாள், நாங்கள் செய்வதையெல்லாம் உடைத்துப் பார்த்துச் சொல்கிற வேலை அவளுக்கு. கூட்டத்தில் எல்லோரும் எழுந்துவிட்ட பிறகு கேட்டாள். “கயல், பகுதி ஒண்ணு, பகுதி ரெண்டுன்னு வந்தா?” நான் கையில் கப்பை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். “எத்தனை பேருக்கு அப்படி வரும் ஹுதா?” “ஒருத்தருக்கு வந்தாலும்...” “ஒருத்தருக்காக எல்லாரையும் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்க முடியாது.” நான் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்தாள், இல்லை, அவள் சிரிக்கவில்லை, அவள் லேப்டாப்பை மூடினாள், மூடிய சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பதிப்பு வந்த பிறகு பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள், எனக்குப் பதவி உயர்வு வந்தது. திரும்பப் பிரிக்கிற பொத்தான் ஒன்று வைக்கலாமா என்று ஃபெலிக்ஸ் கேட்டார், பாவம், அவர் கேட்டார். பொத்தான் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றேன்.

இரண்டை ஒன்றாக்குவது எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது? அங்கயற்கண்ணி என்று எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். என் அக்கா. பதினொரு மாசத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்து நான் பிறந்ததும் அதே பெயரை எனக்கு வைத்தார்கள், மதுரையில் அந்தப் பெயரை அப்படியே விட அப்பாவுக்கு மனசு வரவில்லை. ஆபீசில்தான் அது கயல் என்று சுருங்கியது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவசரத்தில் அப்பா கொண்டுபோய்க் கொடுத்தது அவளுடைய பிறப்புச் சான்றிதழ். பெயர் சரி, அப்பா பெயர் சரி, தெரு சரி. யாரும் கேட்கவில்லை. என் பத்தாவது மார்க் ஷீட், பாஸ்போர்ட், எல்லாவற்றிலும் அவள் பிறந்த தேதிதான், அரசாங்கத்துக்கு நான் இரண்டு வயது மூத்தவள். நான் பிறந்த நாளில் என்னைத் தேடினால் நான் இல்லை. அவள் இறந்ததைத் தேடினால் அதுவும் இல்லை, அவள்தான் ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறாளே. இதை நான் எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். ஒரு தடவை அம்மா முன்னால் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை, “அவளுக்குன்னு ஒரு காயிதம்கூட இல்லாமப் போச்சு” என்றாள். அதோடு எழுந்துபோய்க் குக்கரைத் திறந்தாள். இதை எதற்கு இப்போது நினைக்கிறேன், முன்னால் இருப்பவளைப் பார், அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், என் வேலை கேட்பது. ஜன்னலுக்கு வெளியே பறக்கும் ரயில் போகிறது, கண்ணாடி லேசாக அதிர்கிறது. அவள் பத்திரிகைப் பெயரில் தேடுகிறாள். வருஷத்தில் தேடுகிறாள். ‘கண்’ என்று ஒரே ஒரு சொல்லை அடித்து, வந்த நாற்பத்தாறையும் ஒவ்வொன்றாக, உதடு அசைய, விரலைத் திரையில் வைத்து இறங்கிக்கொண்டே போகிறாள். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருக்கிறாள். விரல் நாற்பத்தாறில் நின்றது. மறுபடி மேலே போயிற்று.

சேர்த்தவற்றை நாங்கள் உடனே அழிப்பதில்லை. உள்ளே ஓர் இடத்தில் மறைத்துத்தான் வைத்திருக்கிறோம், ஆபீஸ் ஆட்கள் மூன்று விசையை ஒன்றாக அழுத்தினால் அந்தப் பட்டியல் திறக்கும். ஆனால் திங்கட்கிழமை வரைக்கும்தான். புதிய பதிப்பு வெளியே போகும்போது மறைத்துவைத்ததெல்லாம் அழிகிற மாதிரி ஏற்பாடு, இடம் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று. இன்றைக்கு வெள்ளி. சரி, யோசி. அவள் பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவாள். நான் என் இடத்துக்குப் போய், கதவைக்கூடச் சாத்த வேண்டாம், மூன்று விசை, அவள் பெயர், அந்த ஒரு பதிவை எடுத்து மறுபடி உள்ளே வைத்துவிட்டால் முடிந்தது. சாயங்காலம் ரயிலில் உட்கார்ந்து திறப்பாள், இரண்டாம் பகுதி இருக்கும். ஐயோ இத்தனை நாளும் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கே என்று தலையில் அடித்துக்கொள்வாள், சந்தோஷப்படுவாள், அவள் சாரிடம் ஓடுவாள். யாருக்கும் நஷ்டமில்லை. காமிராவில் எதுவும் இருக்காது. ஃபெலிக்ஸுக்குத் தெரிய வேண்டாம். ஹுதாவுக்கு, அவள் இப்போது பெங்களூரில் எங்கேயோ இருக்கிறாள், அவளுக்குத் தெரியவே தெரியாது. நல்ல யோசனை. நல்ல யோசனையாக இருந்தால் கதவைச் சாத்துவது ஏன் ஞாபகம் வந்தது? ஒருத்திக்கு எடுத்து வைத்துவிடலாம். மற்றவர்கள்? மற்றவர்கள் என்று யாராவது இருக்கிறார்களா என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ணிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை, இரண்டு வருஷத்தில் அந்த இரண்டு நிமிடம் எனக்கு வரவில்லை. அவள் கையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஈரம் சட்டைக் காலரில் ஒரு வட்டமாக இறங்கியிருந்தது. நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன், குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “இப்ப என்ன நினைக்கிறீங்க?”

“சொல்லவா?” என்றாள். “சில நேரம் எனக்கே சந்தேகமா இருக்கு மேடம். அப்பிடி ஒண்ணு இருந்துச்சா, இல்ல எனக்கு வேணும்ங்கிறதுக்காக நானே மனசுல உண்டாக்கிட்டனான்னு. எங்கம்மாவும் உப்பளத்துல நின்னவதான். நாப்பத்தஞ்சு வயசுல ஊசில நூல் கோக்க முடியாது. அத எழுதணும்னு ஒரு வெறி எனக்கு. அந்த வெறியில இல்லாத அட்டவணைய இருக்குன்னு நெனச்சுட்டேனோ. சாரு அத வெளிய சொல்லல, ஆனா பாக்குற பார்வையில இருக்கு. இவ இட்டுக்கட்டிட்டான்னு.” பெட்டியில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். “வர்ற வியாழக்கிழமை ஆய்வேட்ட குடுக்கணும். பேசாம அந்த அத்தியாயத்த எடுத்துருவோம். விடுங்க. அடுத்த வேலை என்னன்னு சொல்லுங்க மேடம்.” பதினொன்று முப்பத்தெட்டு. தாளில் ஆறாவது வேலை இருந்தது. படித்தேன், எழுத்து தெரிந்தது, அர்த்தம் ஏறவில்லை. நான் சத்தமில்லாமல் எடுத்து வைத்தால் இவள் கடைசிவரைக்கும் தன் கண்ணைத்தான் சந்தேகப்படுவாள். இவளுடைய அம்மா ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. “அது இருந்துச்சு” என்றேன். அவள் திரும்பினாள். “நீங்க இட்டுக்கட்டல. அது இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு இந்த மென்பொருள் ரெண்டாவத மறைச்சிருச்சு.” மென்பொருள். வாய் எவ்வளவு பழகியிருக்கிறது. “மென்பொருள் இல்ல, நான். அப்படிச் செய்யச் சொன்னது நான்தான்.” நான் எழுந்து அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மூன்று விசையை அழுத்தினேன். பட்டியல் திறந்தது. அவளுடைய ஆயிரத்து நூற்றுச்சொச்சத்தில் பத்தொன்பது மறைந்திருந்தன. ஏழாவது தங்கப்புஷ்பம், 1987, பகுதி 2. தட்டினேன். படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின, மஞ்சளடித்த பக்கம், கோணலாக, அட்டவணை, வயது, உப்பளத்தில் நின்ற ஆண்டுகள், வலது கண், இடது கண். ஓரத்தில் பக்கத்தை அழுத்திப் பிடித்திருக்கிற ஒரு கட்டைவிரல் பாதி விழுந்திருந்தது. இசக்கியம்மாள் தன் இடது கையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். “என் வெரலு” என்றாள். அப்புறம் இன்னும் மெதுவாக, “என் வெரலுதான்.”

அடுத்த அறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன், ஆனால் அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். அவள் சாருக்கு. பேராசிரியர் பூபாலராயர், இந்த அரைமணி நேரத்தில் நான் அவரைப் பெரிய மீசையும் கோபமுமாக மனதில் கட்டிவைத்திருந்தேன். “சார், வணக்கம், கெடைச்சிருச்சு. ரெண்டாம் பகுதி... ஆமா சார், அட்டவணையோட. இருநூத்துப் பதினேழாம் பக்கம்.” அங்கிருந்து என்னவோ சொன்னார்கள். அவள் முகம் சுருங்கியது. “இல்ல சார். நான் தொலைக்கல.” மறுபடி என்னவோ. “நான் சரியாத்தான் வெச்சிருந்தேன் சார். எடுத்தவங்க இங்கனதான் நிக்காங்க. பேசுங்க.” போனை என்னிடம் நீட்டினாள். அவள் காதின் சூடு அதில் இருந்தது. என்ன சொல்வது? ஒன்பது வருஷத்தில், ‘கிடைக்கவில்லை’ என்பதை நாற்பது விதமாக எழுதியிருக்கிறேன், மன்னிக்கவும், முடிவுகள் இல்லை, வேறு சொல்லில் முயலவும், ஒன்றாவது இப்போது வரட்டுமே. “சார், என் பேர் அங்கயற்கண்ணி. இசக்கியம்மாள் அந்தக் கட்டுரைய ஒழுங்காத்தான் சேமிச்சிருக்காங்க. நான் செஞ்ச ஒரு மாற்றத்தால அது மறைஞ்சு போச்சு. அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. எழுத்துலயே தர்றேன்.” மறுபக்கத்தில் விசிறி சுற்றுகிற சத்தம், தூரத்தில் ஏதோ வகுப்பில் சிரிப்பு. வந்த குரல் சின்னது, கரகரப்பானது, சளி பிடித்த ஒரு வயசானவரின் குரல். “நான் அந்தப் பிள்ளைய ரொம்பப் பேசிட்டேம்மா” என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எங்கிட்ட இன்னும் ஆறு பேர் இதைத்தான் வெச்சிருக்காங்க. அவங்களோடது எத்தனை போயிருக்கு?” தெரியவில்லை என்றேன். “மத்த ஊர்ல?” அதுவும் தெரியவில்லை என்றேன். “எப்ப தெரியும்?” என்றார்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஃபெலிக்ஸ் கதவில் நின்றார். முகத்தில் கோபமா பயமா தெரியவில்லை, அவரும் தன் முகத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் நின்றார். “கயல், வெளிய வந்து பேசலாமா?” “இங்கயே பேசலாம். திங்கக்கிழமை பதிப்ப நிறுத்தணும் ஃபெலிக்ஸ். அது போனா மறைஞ்சதெல்லாம் அழிஞ்சிரும்.” “இது ஒரே ஒரு கேஸா இருக்கலாம்.” நான் சொன்ன அதே வாக்கியம், கொஞ்சம் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், இசக்கியம்மாள் நாற்காலியைத் தானாகவே நகர்த்தி இடம் விட்டாள். தலைப்பின் கடைசி எண் வேறாக இருந்தும் ஒன்றாக்கப்பட்டவை எத்தனை, எத்தனை பேருடையவை. கட்டளையை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். எண் வருவதற்குள் ஏதேதோ ஓடியது, பத்து இருக்கட்டும், முப்பது இருக்கட்டும், நூறுகூட இருக்கட்டும். இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு பேர். ஃபெலிக்ஸ் குனிந்து அதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “நான் மேல பேசுறேன்” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு நடையில் போனார், “இல்ல, திங்கக்கிழமை இல்ல, நிறுத்துங்க, நான் வந்து சொல்றேன்” என்று அவர் குரல் கேட்டுக்கொண்டே தூரமாகப் போயிற்று. பெயர்கள் திரையில் இறங்கிக்கொண்டிருந்தன, கும்பகோணம், யாழ்ப்பாணம், சேலம், பினாங்கு. இதில் யார் யார் அத்தியாயத்தை எடுத்துவிட்டார்களோ, யார் யார் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, எத்தனை பேர் ஆய்வேட்டையே கொடுத்து முடித்துவிட்டார்களோ. அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தும் பிரயோசனமில்லை. அந்த இடத்தில் நினைப்பு மாட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்றது. “கிளம்புங்க, உங்களுக்கு நேரமாகுது” என்று இசக்கியம்மாளிடம் சொன்னேன். “ரயிலு சாயங்காலம்தான்” என்றாள், பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு பேருக்கும் போக வேண்டிய கடிதத்தை ஆரம்பித்தேன். உங்கள் சேமிப்பிலிருந்து சில பதிவுகள் தவறுதலாக நீக்கப்பட்டுள்ளன, என்று கை தானாக அடித்தது. அவள் படித்தாள். “யாரு நீக்குனா?” அழித்துவிட்டு, உங்கள் சேமிப்பிலிருந்து சில பதிவுகளை நாங்கள் நீக்கிவிட்டோம், என்று அடித்தேன். உதடு அசைய அதையும் படித்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை. “கேக்காம நீக்கிட்டோம்னு போடுங்கக்கா” என்றாள். மேடம் எப்போது போனது என்று தெரியவில்லை. “எங்க போடட்டும்?” என்று கேட்டேன். அவள் விரல் திரையைத் தொட்டது, வரியின் ஆரம்பத்தில். “முன்னாலயே போடுங்க.” கர்சரை அங்கே கொண்டுபோய் வைத்து, உங்களைக் கேட்காமல், என்று அடித்தேன்.